முதல் கையெழுத்துக்கு விட்ட இடம்

தண்டனை போதாது என்று அரசு மேல்முறையீடு செய்யுமா என்பது இன்னும் முடிவாகவில்லை. நேற்றுப் பிற்பகல் நீதிமன்ற வளாகத்தில் அரசு உதவி வழக்கறிஞரை நேரில் பார்த்துக் கேட்டேன். அவர் சொன்னது இது. கோப்பு அவருடைய கருத்துரையோடு மேலே போயிருக்கிறது, திரும்பி வரவில்லை. இன்னொரு செய்தியை எதிர்த்தரப்பு வழக்கறிஞரிடம் உறுதி செய்துகொண்டேன். அது உனக்கு இன்னும் தெரிந்திருக்காது. உன் அம்மாவின் மீது வேனை மோதிய முருகேசன், தனக்குக் கிடைத்த இரண்டு ஆண்டுச் சிறைத் தண்டனையை எதிர்த்து மேல்முறையீடு செய்யவில்லை. குறைக்கச் சொல்லிக் கேட்கலாம் என்று வழக்கறிஞர் எடுத்துச் சொல்லியும் வேண்டாம் என்றுவிட்டாராம். நீ அவரை ‘அவன்’ என்கிறாய். உனக்கு அந்த உரிமை உண்டு. நிருபராக நான் யாரைப் பற்றி எழுதினாலும் ‘அவர்’ போட்டே பழகியவன். இந்த வயதில் ஒருவருக்காக மட்டும் மாற்றிக்கொள்ள வரவில்லை.

நாம் இருவரும் இருப்பது ஒரே ஊரில். உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரு பஸ் ஸ்டாண்டும் இரண்டு சிக்னலும்தான். இருந்தும் உனக்குக் கடிதம் எழுதுகிறேன், ஏனென்றால் நேரில் பேசும்போது அப்பாவும் மகனுமாகப் பாதியிலேயே எழுந்துவிடுகிறோம். இதைச் சங்கக் கூட்டத்தில் நீ எல்லாருக்கும் படித்துக் காட்டினாலும் எனக்கு மறுப்பில்லை. சொல்லப்போனால் அதற்காகவும்தான் எழுதுகிறேன்.

வரும் திங்கட்கிழமை, குறைதீர்க்கும் நாளில், சாலை விபத்தில் உறவுகளை இழந்த குடும்பங்களின் சங்கம் கலெக்டரிடம் மனு கொடுக்கிறது. நீ அதன் புதிய செயலாளர். மனுவை நீதான் எழுதியிருக்கிறாய் என்பது முதல் வரியிலேயே தெரிந்தது; சுற்றி வளைக்காமல் நேராகப் போயிருக்கிறாய், நல்லது. பாதிக்கப்பட்ட குடும்பம் தண்டனை போதாது என்று தானாக மேல்முறையீடு செய்ய முடியாது, அரசுதான் செய்யலாம். ஆகவே அரசைச் செய்யச் சொல்லி ஊரே கேட்கிறது என்று காட்ட வேண்டும். சட்டத்தைச் சரியாகப் படித்திருக்கிறாய். இத்தனை கையெழுத்துகளுக்கும் மேலே, முதல் கையெழுத்துக்கு மட்டும் ஒரு வெற்றிடம் விட்டிருக்கிறாய். அது எனக்கு. நீயே கொண்டுவந்து நீட்டாமல் காதர் பாயிடம் கொடுத்தனுப்பியது ஏன் என்று எனக்குப் புரிந்தது.

செவ்வாய்க்கிழமை மாலை பாய் வந்தார். மனுவை மேசைமேல் விரித்துவிட்டு, நான் கண்ணாடி போட்டுப் படித்து முடிக்கும்வரை டீயை ஊதிக்கொண்டே இருந்தார். நான் பேனாவை எடுத்தேன், மூடியைத் திறந்தேன், மறுபடி மூடினேன்.

“என்னண்ணே, எழுதலயா? என் பேனாவத் தரட்டுமா?”

“பேனா நல்லாத்தான் எழுதுது பாய். கைதான் யோசிக்குது.”

“பேப்பர்காரவுக கை யோசிக்கலாமாண்ணே? யோசிச்சா மறுநா பேப்பர் வராதுல்ல?”

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. “உங்க கையெழுத்து இல்லன்னா இது தலையில்லா முண்டம்ணே. ஆபீசர் மொதல்ல என்ன கேப்பாரு? புருசன் எங்கன்னுதான் கேப்பாரு.”

“கேக்கட்டும் பாய்.”

“கேக்கட்டுமா! டீச்சரம்மா எம் மகளுக்குப் பாடம் சொல்லிக் குடுத்தவுக. அவுகளுக்காக வெயில்ல நான் நிக்கிறேன், அத்தனை பேரு நிக்கிறாக. நீங்க சேர்ல உக்காந்துக்கிட்டு கேக்கட்டும்ங்கிறீக. யா அல்லா, இந்த மனுசனுக்கு ரத்தம் ஓடுதா மை ஓடுதா?”

அவர் கோபித்ததில் எனக்கு வருத்தமில்லை. காதர் பாய் யார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இதைக் கேட்கப்போகிற புதியவர்களுக்காகச் சொல்கிறேன். தோல் வியாபாரம் செய்தவர். வத்தலக்குண்டு சாலையில் ஒரு கார் மோதி அவருடைய மகள் இறந்தபோது, காரை ஓட்டிய உரிமையாளர் வீட்டுக்குப் போய்விட்டார். அவருக்குப் பதிலாக வேறொருவர் காவல் நிலையத்தில் வந்து நின்று ‘நான்தான் ஓட்டினேன்’ என்றார். பாய் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, அந்தச் சாலையில் கேமரா வைத்திருந்த ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினார். உண்மையில் ஓட்டியவர் யார் என்பது அப்படித்தான் வெளியே வந்தது. அந்தச் செய்தியை எழுதியவன் நான். சங்கம் தொடங்கியதும் அந்த வழக்கிலிருந்துதான். அதற்கு முன் சாலையில் செத்தவர்களின் வழக்குகள் நம் ஊரில் எப்படி நடந்தன என்று எனக்குத் தெரியும். வாய்தாவுக்கு வந்து நின்று நின்று குடும்பங்கள் வருவதை நிறுத்திவிடும். இன்று சங்கத்தின் ஆட்கள் ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்து பின்வரிசையில் உட்காருகிறார்கள் என்பதாலேயே சாட்சிகள் நேரத்துக்கு வருகிறார்கள். அம்மாவின் வழக்கும் அதனால்தான் இவ்வளவு சீக்கிரம் முடிந்தது. உங்களை நான் குறைத்து எடைபோடுகிறேன் என்று நினைத்துவிடாதே.

இப்போது தீர்ப்பு நாளுக்கு வருகிறேன். அன்று நீதிமன்றத்தில் நான் இருந்தும் நீ இல்லாத ஒரு மணி நேரம் உண்டு. அதில் உன் தவறு எதுவும் இல்லை. எங்கள் தொழிலின் பழக்கம் அது, உங்கள் சங்கத்துக்கும் தொற்றிக்கொண்டது. காலையில் ‘குற்றவாளி’ என்று நடுவர் அறிவித்தவுடன் நிருபர்கள் எல்லாரும் எழுந்து வெளியே ஓடுவார்கள். அந்தக் காலத்தில் டெலிபோன் பூத்துக்கு, இப்போது மரத்தடிக்கு, கைபேசியோடு. பிறகு எத்தனை ஆண்டு என்ற எண்ணைக் கேட்க மட்டும் திரும்பி வருவார்கள். நானும் வேலையில் இருந்தவரை அப்படித்தான் ஓடினேன். அன்று நீங்கள் வாசலில் பேனரோடு நின்றீர்கள். டிவிக்காரர்கள் உன் முன்னால் மைக்கை நீட்டியிருந்தார்கள். எனக்கு எந்தப் பத்திரிகையும் காத்திருக்கவில்லை. உட்கார்ந்தே இருந்தேன். கூடத்தில் மின்விசிறிச் சத்தம் கேட்குமளவுக்கு ஆட்கள் குறைந்துவிட்டார்கள்.

அந்த இடைவெளியில்தான், தண்டனை சொல்வதற்கு முன்னால், குற்றவாளியை நடுவர் ஒரு கேள்வி கேட்பார். தண்டனை பற்றி நீ சொல்ல விரும்புவது என்ன? கேட்டே ஆக வேண்டும் என்பது சட்டம். பெரும்பாலும் பதில்கள் ஒரே மாதிரி இருக்கும்: வயதான தாய் இருக்கிறாள், சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், நான் ஒருவன்தான் சம்பாதிக்கிறேன். தட்டச்சர் அதைப் பாதி கேட்கும்போதே அடித்துவிடுவார். முருகேசனுக்கும் தாய் இருக்கிறார், பிள்ளைகள் இருக்கிறார்கள். தொப்பம்பட்டிப் பக்கத்து ஆள். அதையெல்லாம் அவர் சொல்லவில்லை. கூண்டில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“நின்னா அடிச்சே கொன்னு போடுவாங்கன்னு பயந்துட்டனுங்க. வண்டி ஓட்டப் பழகுனதுல இருந்தே எல்லாரும் சொன்னது அதுதானுங்க, ஏதாச்சும் ஆச்சுன்னா எறங்காத, போயிருன்னு. நான் நின்னிருந்தா அந்தம்மா பொழச்சிருக்கும்னு டாக்டர் சொன்னாருங்க. கேட்டனுங்க. அதுக்கு மேல சொல்றதுக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்லீங்க.”

நடுவர் அதை எழுதிக்கொண்டார். “வேறு ஏதாவது?” என்று கேட்டார். முருகேசன் இல்லை என்று தலையை அசைத்தார். மதியத்துக்குப் பிறகு இரண்டு ஆண்டு என்று தீர்ப்பு வந்தது. வெளியே ‘வெட்கம், வெட்கம்’ என்று கோஷம் எழுந்தது. மறுநாள் எந்தப் பத்திரிகையிலும் அந்தப் பதில் இல்லை. இருக்க வழியில்லை, கேட்டவர்கள் யாரும் பத்திரிகையில் இல்லை.

அவர் சொன்னதிலும் ஒரு திருத்தம் உண்டு, அதை நான் விட்டுவிட முடியாது. மருத்துவர் சாட்சியத்தில் சொன்னது இரண்டு வாக்கியம். சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் பிழைக்க வாய்ப்பு இருந்திருக்கும் என்பது முதலாவது. உறுதியாகச் சொல்ல முடியாது என்பது இரண்டாவது. உன் மேடைப் பேச்சுகளில் இரண்டாவது வாக்கியம் வருவதில்லை. முருகேசனும் முதல் வாக்கியத்தை மட்டுமே காதில் வாங்கியிருக்கிறார். இந்த ஒரு விஷயத்தில் நீங்கள் இருவரும் ஒத்துப்போகிறீர்கள்.

உன் பக்கத்து வாதத்தில் எது வலுவானது என்றும் சொல்லிவிடுகிறேன். சம்பவம் நடந்தது மாலையில், எரியோடு சாலையில். காய்கறி இறக்கிவிட்டுத் திரும்பிய வேன். அவர் சரணடைந்தது மறுநாள் காலையில், தன் ஊர்ப் பக்கத்துக் காவல் நிலையத்தில். அதற்குள் ரத்தப் பரிசோதனையில் எதுவும் தெரியாது. அவர் குடித்திருந்தார் என்பது நிரூபணமாகவில்லை. குடிக்கவில்லை என்பதும் நிரூபணமாகவில்லை. ஓடிப்போகிறவன் காயம்பட்டவரை மட்டும் விட்டுப் போவதில்லை, உண்மையையும் கூடவே எடுத்துப் போய்விடுகிறான் என்று நீ சொல்கிறாயே, அதை என்னால் மறுக்க முடியவில்லை. ஓடிப்போகிறவர்களுக்குப் பத்து ஆண்டு வரை தண்டனை தரும் புதிய சட்டப் பிரிவு லாரி ஓட்டுநர்களின் எதிர்ப்பால் நிறுத்திவைக்கப்பட்டபோது சங்கம் கொதித்ததும் எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் உங்கள் பேனரில் ‘குடிபோதைக் கொலைகாரன்’ என்று அம்மாவின் படத்துக்குக் கீழே அச்சடித்திருக்கிறீர்கள். உறுதியாகாததை அவள் படத்துக்குக் கீழே போடாதே. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ‘நான் பார்க்கலை டீச்சர், ஆனா அவன்தான் செஞ்சான்’ என்று சொன்னால் அவள் என்ன செய்வாள் என்று உனக்குத் தெரியும்.

இனி நான் எழுத வந்ததற்கு வருகிறேன். நீ கல்லூரியில் சேர்ந்த வருடம், பழைய வெள்ளைக் காரில் ஓட்டப் பழகினாய். அகரத்திலிருந்து தாடிக்கொம்புக்கு வருகிற சாலை. நான் உன் பக்கத்தில், அம்மா பின்னால். அவள் கோயில் பாடற்குழுவின் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே, நீ கியர் மாற்றும்போதெல்லாம் பாட்டை நிறுத்தி ‘இயேசுவே’ என்பாள். “அம்மா, நீ சேசுவக் கூப்புடுறதுல எனக்குக் கை நடுங்குது” என்று நீ கத்தினாய். “அவரு வந்து ஓட்டுனாத் தேவலயேன்னுதான் கூப்புடுறேன்” என்றாள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ஒரு பால்காரரின் டிவிஎஸ் வண்டி சந்திலிருந்து திரும்பியது. நீ பிரேக்கை மிதித்தாய், ஆனாலும் பம்பர் அதைத் தட்டியது. வண்டி சாய்ந்தது, கேன் உருண்டது, பால் ரோட்டில் ஓடியது. அவர் உட்கார்ந்த நிலையில் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். டீக்கடையிலிருந்து ஆட்கள் எழுந்தார்கள்.

நீ காரை நிறுத்திக் கதவைத் திறக்கப் போனாய். அதை நான் பார்த்தேன். உன் முதல் எண்ணம் இறங்குவதாகத்தான் இருந்தது.

“எறங்காத அப்பு! போ! போயிரு! அடிச்சே கொன்னுருவாங்ய!” அது அம்மாவின் குரல். அவள் பின்னாலிருந்து உன் தோளைப் பிடித்து உலுக்கினாள். நீ ஓட்டினாய். நானும் நில் என்று சொல்லவில்லை.

மறுநாள் அவள்தான் நம் இருவரையும் கிளப்பினாள். விசாரித்து விசாரித்து அந்தப் பால்காரரின் வீட்டைக் கண்டுபிடித்தோம். முழங்கையில் கட்டுப் போட்டிருந்தார். அம்மா கைகூப்பிக்கொண்டே உள்ளே போனாள். “தப்பு எங்க பேருலதாங்க. பயத்துல போயிட்டோம், மன்னிச்சுக்கங்க” என்றாள். அந்த மனிதர் பதறிப்போய் எழுந்தார்.

“அட, நீங்க போனதே நல்லதுக்குத்தாங்கம்மா. நம்ம பயலுக கைல சிக்கியிருந்தா இந்தத் தம்பி மூஞ்சி இப்புடி இருக்காது. நானே போயிருங்கன்னுதான் கையக் காமிச்சேன், நீங்க பாக்கல.”

நாம் மூவரும் அங்கே காபி குடித்தோம். திரும்பி வரும்போது அம்மா சொன்னாள்: “பாத்தியா, அந்தாளே சொல்றாரு. நல்லவேளை நீ எறங்கல.” எத்தனை கிறிஸ்துமஸ் விருந்தில் இந்தக் கதையை நீ சொல்லியிருக்கிறாய்! பால்காரர் கையைக் காட்டியதைத் தரையில் உட்கார்ந்தபடி நடித்துக் காட்டுவாய், அம்மா உன் முதுகில் அறைவாள், எல்லாரும் சிரிப்போம். அவள் போன பிறகு அந்தக் கதையை நீ சொல்லவே இல்லை. உனக்கு மறந்துவிட்டது என்று நான் நம்பவில்லை.

கவனமாகக் கேள். முழங்கைச் சிராய்ப்பும் உயிரும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. முருகேசன் குற்றவாளி. நீதிமன்றம் சொன்னதற்கு முன்பே எனக்கு அதில் சந்தேகமில்லை. வேகமாக வந்தார், சாலையோரம் நின்றவளை அடித்தார், அவள் விழுந்து கிடப்பதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே போனார். யாரோ ஷேர் ஆட்டோவில் தூக்கிப்போட்டுக் கொண்டுவர, வழியிலேயே அவள் போய்விட்டாள். அவர் சிறையில் இருப்பது எனக்குத் துக்கமாக இல்லை. அவள் இல்லாத வீட்டில் பிரஷர் குக்கரின் விசிலை எண்ணத் தெரியாமல் நான் நிற்கிறேன். என்னிடம் அவருக்காக உபரியாக இரக்கம் எதுவும் இல்லை. ஆனால் அவருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவர்கள் அவரிடம் சொன்ன வாக்கியமும் உன்னிடம் உன் அம்மா சொன்ன வாக்கியமும் ஒன்று. நம் ஊரில் ஸ்டீயரிங் பிடிக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் பெற்றவர்கள் சொல்வது அதுதான், பிரேக் எது, கிளட்ச் எது என்று சொல்வதோடு சேர்த்து. அன்பினால் சொல்கிறோம். அந்த வாக்கியம் ஊரைச் சுற்றி, எரியோடு சாலையில் அவளிடமே வந்து சேர்ந்தது.

நீ சொல்வாய்: அதனால்தான் அப்பா, ஓடினால் பத்து வருடம் என்று ஆகிவிட்டால் யாரும் ஓட மாட்டார்கள். இருக்கலாம். நான் எழுதிய வழக்குகளை வைத்துப் பார்த்தால், ஓடுகிறவன் அந்த நொடியில் வருடத்தை எண்ணுவதில்லை, டீக்கடையிலிருந்து எழுகிற ஆட்களை எண்ணுகிறான். சிறை தூரத்தில் இருக்கிறது, அவர்கள் பத்தடியில் இருக்கிறார்கள். இறங்கி நின்றதற்காக அடிபட்டுப் பெரியாஸ்பத்திரியில் கிடந்த ஓட்டுநர்களை நான் பார்த்திருக்கிறேன். அடித்தவர்கள் மேல் வழக்குப் போட்டதாக அபூர்வமாகத்தான் எழுதியிருக்கிறேன். உங்கள் மனுவில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நின்றவனுக்கு என்ன நன்மை என்று யாரும் கேட்கவில்லை.

இதை நான் பாயிடமும் சொன்னேன். அவர் மனுவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு கேட்டார்: “எம் மகள அடிச்சவன் நின்னிருந்தா, நம்ம ஆளுக அவன விட்டுருப்பாகளாண்ணே?”

“நீங்க விட்டுருப்பீகளா பாய்?”

“நானா?” அவர் கிளாஸை வைத்தார். “நான்தான்ணே மொத அடி அடிச்சிருப்பேன்.” எழுந்து மனுவைச் சுருட்டினார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, “அந்த எடத்த அப்புடியே விட்டு வைக்கிறேன். வேற யார் பேரையும் எழுத மாட்டேன்” என்றார்.

ஆகவே என் முடிவு இது. இந்த மனுவில் நான் கையெழுத்துப் போடப்போவதில்லை. ஆனால் திங்கட்கிழமை நான் வருவேன். வரிசையில் உன் பக்கத்தில் நிற்பேன். பாய் சொன்னதுபோல அதிகாரி ‘கணவர் கையெழுத்து எங்கே?’ என்று கேட்டால், பதிலை நீ சொல்லாதே, என்னைச் சொல்லவிடு. முருகேசன் நடுவரிடம் சொன்னதையும், பால்காரர் நம்மிடம் சொன்னதையும் சொல்வேன். அதனால் உன் மனு பலவீனமாகலாம். அது தெரிந்துதான் சொல்கிறேன். நான் வர வேண்டாம் என்று நீ நினைத்தால், முன்கூட்டியே சொல்லிவிடு, வீட்டிலேயே இருக்கிறேன். அதற்காக உன்மேல் மனத்தாங்கல் கொள்ள மாட்டேன். ஆனால் நின்றவனை அடிக்கக் கூடாது, அடித்தால் வழக்கு, நின்று ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனவனுக்குத் தண்டனையில் அது கணக்கில் வர வேண்டும் என்று சங்கம் என்றைக்காவது ஒரு மனு எழுதினால், முதல் இடத்தை எனக்கு விடு. அந்த வரிகளைத் தன் படத்துக்குக் கீழே போட அவளுக்கும் சம்மதமாக இருக்கும் என்றே நினைக்கிறேன்.

மீதி நிலுவையில் இருப்பவை இவை. மேல்முறையீட்டுக்கான காலக்கெடு அடுத்த மாதம் முடிகிறது. அரசின் முடிவு அதற்குள் வந்தாக வேண்டும், அதற்கு முன்பே வரலாம் என்கிறார் உதவி வழக்கறிஞர். திங்கட்கிழமை நான் வருவதா என்பதற்கு உன் பதில், ஞாயிற்றுக்கிழமைக்குள். இன்னொன்றும் இருக்கிறது. உன் மனைவி ஜெனி கார் ஓட்டப் பழகுகிறாள் என்று கேள்விப்பட்டேன். அடுத்த வாரம் லைசென்ஸ் டெஸ்ட் என்று அவளே போனில் சொன்னாள். “மாமா, ரிவர்ஸ் தவிர எல்லாம் வருது” என்றாள். பக்கத்து இருக்கையில் நீதான் உட்காருகிறாய் போலிருக்கிறது. பிரேக்கும் கிளட்ச்சும் சொல்லிக் கொடுத்திருப்பாய். என்றைக்காவது யார் மீதாவது பட்டுவிட்டால் அவள் என்ன செய்ய வேண்டும் என்று அவளிடம் என்ன சொல்லியிருக்கிறாய்? இதுவரை சொல்லவில்லை என்றால், என்ன சொல்லப்போகிறாய்? ஞாயிறு பூசை முடிந்து இருவரும் இங்கே சாப்பிட வாருங்கள். ஜெனி ஓட்டிக்கொண்டு வரட்டும். பதிலை எனக்குச் சொல்ல வேண்டாம். என் முன்னால் அவளிடம் சொல்.